பார்த்ததை எழுதாத விசாரணைக் குறிப்பு

எங்கள் கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் முழுக்க ஆன்லைன். மாணவர் கைப்பேசியிலேயே நிரப்புகிறார், சான்றுகளை அதிலேயே ஏற்றுகிறார், ‘ஏற்கப்பட்டது’ அல்லது ‘நிராகரிக்கப்பட்டது’ என்று அதிலேயே பதில் வருகிறது. “நாங்க புள்ளைங்க முகத்தையே பாக்கிறதில்ல மேடம். நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க” என்றார்கள். முகத்தைப் பார்த்ததால் நான் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் விருத்தாசலத்துக்காரி. மாதா கோயில் தெருவில் வீடு. என் வீட்டுக்காரர் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைக்குப் பொறுப்பாளராக இருந்தவர். தட்டச்சு முடித்துவிட்டுக் கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் தபால் பதிவேடு, தேர்வுக் கட்டணம், மாற்றுச் சான்றிதழ் என்று போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பிறகு உதவித்தொகைப் பிரிவின் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அந்த நாற்காலிதான்.

நான் கறார். விண்ணப்பத்தில் ஒரு காகிதம் குறைந்தாலும் வாங்க மாட்டேன். பொய் சொல்லி வாங்குகிறவர்கள் இருந்தார்கள், அதையும் கண்டிருக்கிறேன். மோட்டார் சைக்கிளைக் கல்லூரிக்கு வெளியே டீக்கடையில் நிறுத்திவிட்டு, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வந்த பையன் ஒருவன் இருந்தான். அப்படி ஒருவனைப் பிடித்துவிட்டால் அடுத்த இருபது பேரையும் அதே கண்ணால் பார்க்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

வேப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வேலு என்று ஒரு மாணவர் வந்தார். அப்பா இல்லை. அம்மா பெயரில் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். கல்லூரி நலநிதிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். நிலம் இருக்கிறதே என்று திருப்பிவிட்டேன். அடுத்த பருவத்தில் வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். படிப்பை நிறுத்துகிறவர்கள் எத்தனையோ பேர், அவரும் ஒருவர் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போகும்போது பஸ்ஸை வேப்பூரில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ரோட்டோர ஓட்டலில் தோசை கொண்டுவந்து வைத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மேடம், காலேஜ் மேடம்தானே? நான் வேலு.”

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல், “அம்மா நல்லா இருக்காங்களா? நிலத்துல என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“அது இன்னும் தரிசாத்தான் மேடம் கெடக்குது. போர் போட்டாத்தான் ஏதாவது போட முடியும்” என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அடுத்த மேசையில் கூப்பிட்டார்கள். “தோ வரேன் மேடம், சட்னி வேணுன்னா கேளுங்க” என்று போய்விட்டார். பஸ் எடுக்கிற வரைக்கும் அவரைக் கூப்பிட்டுத் திரும்பக் கல்லூரிக்கு வரச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தெய்வசிகாமணி சார் எங்களுக்குக் கண்காணிப்பாளராக மாற்றலாகி வந்தார். ஒல்லியான ஆள். பேசினால் பக்கத்து மேசைக்குக் கேட்காது. பத்து மணிக்கு உட்கார்ந்தால், ஒரு மணிக்கு எழுந்து கை கழுவப் போகும்வரை அசைய மாட்டார். மாணவர்களை, அவர்கள் முதலாண்டுப் பிள்ளைகளாக இருந்தாலும், வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

அவர் விண்ணப்பம் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மாணவரின் தாளைப் படித்துக்கொண்டிருக்கும்போது வேறு யாராவது மேசைக்கு வந்தால், அது முதல்வராகவே இருந்தாலும், தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுத்தான் நிமிர்வார். உதவி கிடைத்தவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற வழக்கத்தை வந்த வாரமே நிறுத்தினார். அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறிய துண்டுத்தாள், மடித்து, வகுப்பு ஆசிரியர் வழியாகப் போகும். திருப்பி அனுப்பும் விண்ணப்பத்திலும் ஒரு துண்டுத்தாள் இருக்கும். என்ன குறைகிறது, அதை எந்த அலுவலகத்தில் வாங்க வேண்டும், எந்தக் கிழமை போனால் ஆள் இருப்பார் என்று மூன்று வரி. ஒரே வேலைக்குப் பிள்ளைகள் இரண்டு தடவை அலையக் கூடாது என்பது அவர் கணக்கு.

நேரில் வந்தவர்களிடம் வறுமையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். “எந்த பஸ்ஸுல வரீங்க?” என்பார். அவ்வளவுதான். பதிலைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஊரில் பஸ் எத்தனை மணிக்கு, அதைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழுகிறார்கள், பஸ் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், விட்டுவிட்டால் அடுத்தது எப்போது, அன்றைக்குக் கல்லூரிக்கு வருவார்களா மாட்டார்களா. ஐந்து நிமிடத்தில் அந்தப் பிள்ளையின் வீட்டு நிலவரம் அவருக்குத் தெரிந்துவிடும். சொன்ன பிள்ளைக்குத் தான் எதையும் சொல்லிவிட்டோம் என்று தோன்றாது. திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு மாணவியிடம் இப்படிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவள் போனதும் என்னிடம், “மதியத்துக்குச் சோறு கொண்டார மாட்டேங்குது மேரிம்மா. காலையில ஆக்குறதுக்கு ஆளில்ல. அம்மா எங்கியோ வேலைக்குப் போயிடுறாங்க” என்றார். விசாரித்தால் அப்படியே இருந்தது.

அவரிடம் நான் வேலை கற்றேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பாதிதான் கற்றிருந்தேன் என்பதே சரி. அது நஸ்ரின் விஷயத்தில் தெரிந்தது.

நஸ்ரின் கணிதம் மூன்றாமாண்டு. மங்கலம்பேட்டை. ஒருநாள் பதினோரு மணி இடைவேளையில் ஜன்னலில் நல்ல கூட்டம். அவள் முறை வந்ததும் நலநிதி விண்ணப்பத்தை நீட்டினாள். வருமானச் சான்று இல்லை.

“வருமானச் சான்று எங்க?”

“இல்ல மேடம். அது இல்லாம வாங்கிக்க முடியுமா?”

“அப்பா என்ன பண்றாரு?”

“சவூதியில இருக்காரு.”

“சவூதியிலயா?” என்றேன். எனக்குச் சத்தமான குரல், என் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார். “அப்ப உனக்கெதுக்கும்மா இந்தப் பணம்? இல்லாத புள்ளைங்க எத்தினி பேரு நிக்குதுங்க, பாரு!”

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அவள் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள். நான்காக மடித்து, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனாள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு தெய்வசிகாமணி சார் எழுந்து வந்து ஜன்னல் கதவைச் சாத்தினார். என் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“மேரிம்மா, அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சி?”

“அப்பா சவூதியில இருக்காராம் சார்.”

“இருக்காருன்னுதானே சொல்லிச்சி? சம்பாதிக்கிறாருன்னு சொல்லலையே?”

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து போய்த் தன் வேலையைப் பார்த்தார். அன்றைக்கு மதியம் கணிதத் துறைக்கு நானே போய்க் கேட்டேன். அவள் அடுத்த வகுப்புக்கே போகவில்லை என்றார்கள். மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் ஓடிவிட்டது. இறுதிப் பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதைக் கட்டாவிட்டால் நுழைவுச்சீட்டு வராது. மூன்று வருடப் படிப்பும் முடியாமல் நின்றுவிடும்.

“சார், வூட்டுக்குப் போயிப் பாத்துட்டு வரட்டுமா?” என்று நான்தான் கேட்டேன்.

“நானும் அதான் நெனச்சேன். ஆம்பளை இல்லாத வூடு, நான் வரது சரியா இருக்காது. நீங்க போங்க. ஃபைலு எதுவும் கையில எடுத்துக்கிட்டுப் போவாதீங்க.”

சனிக்கிழமை மங்கலம்பேட்டை பஸ்ஸைப் பிடித்தேன். கடைத்தெருவில் விசாரித்துப் போனேன். நல்ல வீடு. மொசைக் தரை, முன்னால் இரும்புக் கதவு, பச்சைப் பெயின்ட். வெளியிலிருந்து பார்க்கிற யாரும் நான் ஜன்னலில் கேட்ட கேள்வியைத்தான் கேட்பார்கள். நஸ்ரினின் அம்மா மும்தாஜ் கதவைத் திறந்தார். நான் கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் வெளிறிவிட்டது. எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மும்தாஜம்மா அவருக்குக் கேட்கிற மாதிரி, “எங்க நஸ்ரின் காலேஜ் மேடம். புள்ள நல்ல மார்க்கு வாங்கியிருக்குதாம், சொல்லிட்டுப் போவ வந்திருக்காங்க” என்றார். என்ன வேகம்! நானும் தலையை ஆட்டினேன்.

உள்ளே உட்கார வைத்துவிட்டு டீ போடப் போனார். பெரிய பெண் ஷாஹினா வந்து ஸலாம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நஸ்ரின் சுவரோரமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

“அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா” என்றேன்.

நான் பேச்சை மாற்றினேன்.

“பரீட்சை எழுதணும்ல? படிக்கிறியா?”

“படிக்கிறேன் மேடம்” என்றாள். நம்பிக்கை வரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, நோட்டைக் காட்டுவதற்காகப் போய்க் கூடத்து மூலையில் இருந்த ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. தட்டுகளில் புத்தகங்கள், பருவ வாரியாக அடுக்கியிருந்தன. கீழே காய்கறி வைக்கிற பெட்டியில் மடித்த துணிகள்.

“இதுல வச்சா பூச்சி அரிக்காது மேடம்” என்றாள்.

டீயோடு வந்த மும்தாஜம்மா அதைப் பார்த்துவிட்டார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கணவர் வேலை செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். பாஸ்போர்ட் அவர்களிடம் மாட்டிக்கொண்டது. ஒன்றரை வருடமாகச் சம்பளம் இல்லை, ஊருக்கு வரவும் வழியில்லை. ஒரு அறையில் பத்துப் பேரோடு இருக்கிறார். யாராவது சோறு போட்டால் சாப்பாடு. போனில் பேசும்போதெல்லாம், “யாருகிட்டயும் சொல்லாத, ஷாஹினா நிக்கா முடியட்டும்” என்கிறார். மாப்பிள்ளை வீடு பண்ருட்டிப் பக்கம். பெண்ணின் அப்பா சவூதியில் இருக்கிறார் என்பதை வைத்துத்தான் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள்.

“வருமானச் சான்று வாங்கலாமேம்மா. உண்மை நெலமையச் சொன்னா குடுப்பாங்களே?”

“மனு போட்டா விஏஓ வருவாரு மேடம். பக்கத்து வூட்ல, எதுத்த வூட்ல கேப்பாரு. அத்தோட முடிஞ்சிது. இந்தத் தெருவுல ஒண்ணு தெரிஞ்சா பண்ருட்டிக்குத் தெரிய ஒருநாள் ஆவாது.”

நஸ்ரின் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்திவிட்டு, “அம்மா, நான் என்ன சொல்றேன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு” என்றார் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க பாத்தத எங்கயும் எழுத மாட்டீங்கல்ல மேடம்?”

“எழுத மாட்டேன்” என்றேன்.

எங்கள் நலநிதி ஆசிரியர்களும் பழைய மாணவர்களும் போட்டது. அதன் விதியில் ஒரு வழி இருந்தது. வருமானச் சான்று கொடுக்க இயலாதவருக்கு, கல்லூரி அலுவலர் ஒருவர் நேரில் விசாரித்து எழுதும் குறிப்பின் பேரில் குழு உதவி வழங்கலாம். நஸ்ரினிடமிருந்து வாங்கி வந்த விண்ணப்பத்தோடு சேர்க்க, திங்கள்கிழமை காலை அந்தக் குறிப்பை எழுதினேன். ஒரு பக்கம். கம்பெனி மூடியது, பாஸ்போர்ட், ஃப்ரிட்ஜில் புத்தகம், எல்லாம் இருந்தது. அலுவலகக் கோப்புதானே, வெளியே யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தெய்வசிகாமணி சார் முழுக்கப் படித்தார். வழக்கம்போலக் குப்புறக் கவிழ்த்தார்.

“அந்தம்மாகிட்ட என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“எழுத மாட்டேன்னு சொன்னேன்.”

“எழுதியிருக்கீங்களே?”

“எழுதலன்னா குழு ஒத்துக்காதே சார்.”

“இத குழுவுல ஆறு பேர் படிப்பாங்க. ரெண்டு பேரு வூட்ல போயிச் சொல்லுவாங்க. அதுல ஒருத்தருக்கு மங்கலம்பேட்டையில சொந்தம் இருக்குது. அந்த வூட்டு ஃப்ரிட்ஜ்ல விளக்கு எரியுதா இல்லையான்னு இவங்க எல்லாருக்கும் எதுக்கு மேரிம்மா?”

தாளை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். வேறொரு தாளை என் முன்னால் வைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘மாணவியின் இல்லத்துக்கு நேரில் சென்று விசாரித்தேன். உதவி உடனடியாகத் தேவை. பரிந்துரைக்கிறேன்.’ கீழே என் கையெழுத்து.

“காரணம்னு ஒண்ணும் இல்லையே சார்?”

“காரணம் நீங்கதான்.”

புதன்கிழமை குழு கூடியது. முதல்வர், நான்கு துறைத் தலைவர்கள், தெய்வசிகாமணி சார். கோப்புகளை எடுத்துக் கொடுக்க நான். நஸ்ரின் பெயர் வந்ததும் வணிகவியல் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தகப்பனார் தொழில், வெளிநாட்டில் பணின்னு போட்டிருக்கு. என்னம்மா இது?”

“வூட்டுக்குப் போயிட்டு வந்தேன் சார். தேவை இருக்குது.”

“என்ன பாத்தீங்க?”

“பாத்தத வெளிய சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன் சார்.”

நான் தெய்வசிகாமணி சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை உதவிக்கு வரவில்லை.

“அப்ப நாங்க எத நம்பிம்மா கையெழுத்துப் போடறது?” என்றார் வணிகவியல்.

“என்னை நம்பி சார்” என்றேன். அந்த ஜன்னலில் அத்தனை வருடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு முதல்வரிடம் திரும்பி, “இந்தம்மா லேசுல யாருக்கும் குடுக்கச் சொன்னதில்ல சார். எங்க துறைப் புள்ளைங்க எத்தனை பேர திருப்பி அனுப்பியிருக்காங்க. அவங்களே கேக்கிறாங்கன்னா இருக்கும்” என்று கையெழுத்துப் போட்டார். என் கறார்த்தனம் ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

நஸ்ரின் பரீட்சை எழுதினாள். நல்ல வகுப்பில் தேறினாள். ஷாஹினாவின் நிக்கா நடந்தது. அதற்கு அடுத்த வருடம் அவள் அப்பா, தூதரகத்தில் யார் யாரோ மனு போட்டு, இளைத்துப்போய் ஊர் வந்து சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். தெய்வசிகாமணி சார் ஓய்வு பெற்று நெய்வேலியில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

நான் ஓய்வு பெற நான்கு மாதம் இருக்கும்போது தணிக்கைக்கு வந்தார்கள். பழைய வருடங்களின் நலநிதிக் கோப்புகளை ஒன்று விடாமல் பார்த்தார்கள். நஸ்ரின் கோப்பில் தடை எழுதினார்கள். தகப்பனார் வெளிநாட்டில் பணிபுரிகிறார், வருமானச் சான்று இல்லை, விசாரணைக் குறிப்பில் காரணம் எதுவும் கூறப்படவில்லை, எனவே தகுதியற்றவருக்கு வழங்கப்பட்ட உதவி, பரிந்துரைத்தவரிடமிருந்து வசூலிக்க வேண்டும். அது தீராமல் நிலுவையின்மைச் சான்று வராது. அந்தச் சான்று இல்லாமல் என் பணிக்கொடை வராது.

தணிக்கைக்கு வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். வயதில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். “அந்த மாணவிகிட்ட ஒரு எழுத்து வாங்கிக் குடுங்க மேடம், அன்னிக்கு நெலம இதுதான்னு. நான் தடைய எடுத்துடறேன்” என்றார். எங்கள் பிரிவில் இருந்த செந்தில், அவள் கைப்பேசி எண்ணைக்கூடத் தேடி எடுத்துவிட்டார். “ஒரு போன் போட்டாப் போதும் அக்கா” என்றார்.

நான் நெய்வேலிக்குப் போன் போட்டேன். சார் எல்லாவற்றையும் கேட்டார்.

“ரெண்டு வரி எழுத வுட்டிருக்கலாம். நான்தான் உங்க கையப் புடிச்சிட்டேன்” என்றார். “அந்தப் பணத்த நான் அனுப்பிடறேன் மேரிம்மா.”

“வேணாம் சார். கையெழுத்து என்னுது.”

நஸ்ரினுக்குப் போன் போடவில்லை. அவளுக்கும் கல்யாணம் ஆகியிருக்கும், அந்த வீட்டுக்கு இதெல்லாம் தெரியுமோ தெரியாதோ, பழையதைக் கிளறி எழுதிக் கொடு என்று எப்படிக் கேட்பது? அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு வேறு. பணத்தை நானே கட்டினேன். தடை தீர்ந்தது. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியோடுதான் ஓய்வு பெற்றேன்.

அந்தப் பெருமை ஒன்றரை வருடம் நீடித்தது. போன ஜூன் மாதம் ஒரு மதியம், கதவைத் தட்டுகிற சத்தம். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண். அடையாளம் தெரிய ஒரு நிமிடம் ஆனது. நஸ்ரின். தொழிற்பேட்டையில் மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் செய்கிற ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாளாம். தன் தெருப் பெண் ஒருத்தியைக் கல்லூரியில் சேர்க்கப் போன இடத்தில் செந்தில் வாய்தவறிச் சொல்லியிருக்கிறார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“நீங்க பணம் கட்டினீங்களா மேடம்?”

“அது ஒண்ணுமில்லம்மா...”

“எனக்கு ஏன் போன் பண்ணல?”

“உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான். உங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்திருந்தேன்.”

“எங்கம்மாகிட்ட குடுத்தீங்க. நானும் அங்கதானே நின்னுட்டிருந்தேன்? எங்கிட்ட கேட்டீங்களா?” அவள் குரல் உடைந்தது. ஆனால் அழவில்லை, கோபம்தான். “வெக்கம் எங்கம்மாவுக்கு. அக்கா கல்யாணம் வரைக்கும் என்னாலயும் வாயத் தொறக்க முடியல. அப்புறம் எதுக்கு மேடம் மறைக்கணும்? எங்க அத்தா சவூதிக்குத் திருடப் போவல. ஒழைக்கப் போயி ஏமாந்தாரு. என் வூட்டுக்காரருக்கு, மாமியாருக்கு எல்லாருக்கும் தெரியும். நானே சொன்னேன்.”

தோளில் நழுவிய பையை மேலே ஏற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

“அந்த உதவி, கஷ்டப்படற புள்ளைங்களுக்குன்னு இருந்தது. நான் கஷ்டப்பட்ட புள்ள. எனக்குச் சேர வேண்டியதத்தான் வாங்கினேன்னு இத்தினி வருஷம் நெனச்சிட்டிருந்தேன். இப்ப காலேஜ் ஃபைல்ல என் பேருக்கு நேரா தகுதி இல்லன்னு இருக்குது. உங்க தருமத்துல நான் பரீட்சை எழுதின மாதிரி ஆயிடுச்சு.”

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு தடவைகூட. தணிக்கைத் தாளில் என் பெயரைப் பார்த்தேன், என் பணிக்கொடையைப் பார்த்தேன், என் வாக்கைப் பார்த்தேன். ‘தகுதியற்றவர்’ என்ற சொல் அவள்மேல் எழுதப்பட்டது என்று தோன்றவில்லை. ஜன்னலில் அவளைப் பேச விடாமல் ஒரு தடவை திருப்பி அனுப்பினேன். அந்தப் பணத்தைக் கட்டியபோது, அவளைக் கேட்காமலே இரண்டாம் தடவை அதையே செய்திருக்கிறேன்.

“என்ன பண்ணலாம்மா, சொல்லு” என்றேன்.

“நாளைக்கு லீவு போட்டிருக்கேன். என்கூட காலேஜுக்கு வாங்க.”

மறுநாள் போனோம். தீர்ந்துபோன தடையைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று தனக்குத் தெரியவில்லை என்று புது முதல்வர் சொன்னார். எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்பி வைப்பதாகவும் சொன்னார். செந்தில் ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். நஸ்ரின் பிரிவுக்குள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்து, யாரையும் கேட்காமல் எழுதினாள். அப்பா வேலை செய்த கம்பெனியின் பெயர், அது மூடப்பட்டது, சம்பளம் வராத மாதங்கள், அவர் ஊர் திரும்பிய விவரம், தூதரகம் கொடுத்த தாளின் நகல். கடைசிப் பத்தி மட்டும் எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. ‘இந்த உதவியை நான் கேட்டுப் பெற்றேன். அப்போது அதற்கு எனக்கு முழுத் தகுதி இருந்தது. என் கோப்பில் உள்ள தகுதியற்றவர் என்ற குறிப்பை நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். திருமதி ஆரோக்கியமேரி கட்டிய தொகையை அவருக்குத் திருப்பித் தர வேண்டும்.’

படித்துவிட்டு அவளைப் பார்த்தேன். நான் ஒரு பக்கம் எழுதியதும் பிறகு மூன்று வரியாகச் சுருக்கியதும் அவளுக்குத் தெரியாது. இதை எழுத வேண்டியவள் முதலிலிருந்தே அவள்தான்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள், போன் இருக்கிறது. நிராகரிக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிடுங்கள். பெற்றவர்களிடம் பேசினாலும், பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. எனக்கு அந்தப் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். நஸ்ரின் விடுவதாக இல்லை, இரண்டு தடவை நினைவூட்டுக் கடிதம் எழுதிவிட்டாள். எழுதிக் கொடுத்த அன்றைக்கு, செந்தில் கடிதத்தை வாங்கிக்கொண்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

“பெற்றுக்கொண்டதுக்கு முத்திரை போட்டு ஒரு நகல் குடுங்க சார்.”

செந்தில் முத்திரை போட்டு, தேதி எழுதி நகலை என்னிடம் நீட்டினார். நானும் கையை நீட்டிவிட்டேன்.

“அது எனக்கு மேடம்” என்று வாங்கி, மடிக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.